எட்டேழ்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு
நாளைக்கு ஆறு நடை.
ஆல்பேட்டைப் பாலம் தாண்டுவதற்குள்
அத்தனை முகமும் மண்டைக்குள் உட்கார்ந்துவிடும்.
ஐந்நூறு ரூபாய் நீட்டிய நீலச்சட்டை தவளக்குப்பம்,
மீதி தரணும்.
கைக்குழந்தையோடு ஏறியவள் கிருமாம்பாக்கம்,
அவளுக்கும் தரணும்.
டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கி எழுதித் தரமாட்டேன்.
எழுதுகிறவன் மறக்கப்போகிறவன் என்று
டிரைவர் அந்தோணிசாமியிடம் சவடால் வேறு.

எட்டரைக்கு வீடு.
சுகந்தி தட்டு வைக்கும்போதே
என் இடது கை போனை எடுத்துவிடும்.
நான் எடுக்கச் சொன்னதில்லை,
கொசு அடிக்கப் போகிற மாதிரி
அதுவாகவே போகும்.
கட்டைவிரல் தள்ளத் தள்ள
லாரியில் ஏறும் யானை, எண்ணெயில் விழும் நண்டு,
ஒருத்தன் அழுகிறான்,
ஏன் என்று தெரிவதற்குள் இன்னொருத்தன் ஆடுகிறான்.
லோகித்துக்கு அவன் அம்மாவின் போன்.
அதில் பொம்மை ரயில் ஓடினால்தான் வாய் திறப்பான்,
இட்லி என்று தெரியாமலே மூன்று இட்லி இறங்கும்.
எதிரே சம்மணமிட்டு
தர்ஷிணி வாய்ப்பாடு ஒப்பிப்பாள்.

ஓரேழ் ஏழு.
ம்.
ஈரேழ் பதினாலு.
ம்.

ஒரு மணிக்குக் கண் மூடி
நாலேகாலுக்குத் திறந்த ஒரு புதன்கிழமை,
கிருமாம்பாக்கத்தில் இறங்கிய ஒருவர்
படிக்கட்டோரம் நின்றபடி
"கண்டக்டர், மீதி?" என்றார்.
எவ்வளவு? எங்கே ஏறினார்?
முள்ளோடை எப்போது போனது?
பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக
மண்டைக்குள் காலி சீட்டுகள்.
அவர் சொன்ன தொகையைக் கொடுத்தேன்.
அந்தோணிசாமி கண்ணாடியில் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
அன்றைக்கு வசூலை அன்றைக்கே ஒப்படைக்காமல்
எந்த டிப்போவும் பையைத் திரும்பத் தராது.
தூக்கத்தில் முடிய வேண்டிய கணக்கை முடிக்காமலே
இந்தத் தலையை நான்
அடுத்த நடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஒரு துண்டுத் தாளுக்காக
அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.
'அப்பா ம்' என்று தலைப்பு.
கீழே கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டி.
பக்கத்திலேயே பென்சிலில்:
எட்டேழ் நாய்க்குட்டி. ம்.
ஆறேழ் பஸ் கவிழ்ந்துபோச்சு. ம்.
ஒன்பதேழ் எனக்குக் காய்ச்சல். ம்.

சுகந்திக்கும் ஒரு பத்தி இருந்தது.
குறைவுதான். ஆனால் இருந்தது.

தாளைக் கிழிக்கவில்லை.
நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
காய்ச்சல் எந்தத் தேதி என்று
மாத்திரை டப்பாவில் தேடினேன், பட்டை பாதி காலி.
சுகந்தி கொடுத்திருக்கிறாள்.
எனக்குச் சொல்லியும் இருப்பாள்.

அன்று ராத்திரி போனை
உளுந்து டப்பாவுக்குள் புதைத்தேன்,
அதிர்ந்தால் கேட்காது என்று.
கேட்டது.
இடது கை இரண்டு தரம் சட்டைப்பைக்குப் போய்
வெறுங்கையோடு திரும்பியது.
ரயில் இல்லாமல் லோகித் முக்கால் மணி நேரம் கத்தினான்,
தட்டைத் தள்ளினான்.
சுகந்தி ரயிலை ஓடவிட்டாள்.
அதற்கு நான் என்ன சொல்ல,
ஆறு மணி வரை அவள் கடையில் நின்றிருந்தவள்.

தர்ஷிணி ஆரம்பித்தாள்.
ஓரேழ் ஏழு.
நான் ம் சொல்லவில்லை.
நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.
ஆறேழ் நாற்பத்திரண்டு. பஸ் கவிழவில்லை.
ஏழேழ் நாற்பத்தொன்பது.
உளுந்துக்குள் ஏதோ ஒன்று முனகி அடங்கியது,
பாதிக் காது அங்கே போய் வந்தது.
எட்டேழ்,
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
ஐம்பத்தாறு.
ஒன்பதேழ் அறுபத்து மூன்று.
பத்தேழ் எழுபது.

ஒரு தப்பும் இல்லை.

"நாய்க்குட்டி எங்கம்மா?" என்றேன்.
நோட்டை மூடிக்கொண்டே
"எந்த நாய்க்குட்டி?" என்றாள்.